பொட்டு வைக்காத இரும்பு

ஈரத்துண்டைப் பிரித்து கருத்தம்மாள் மேசைமேல் வைத்தது இரண்டாக உடைந்த ஒரு கேம்ஷாஃப்ட். சௌடையா உடனே கையை நீட்டவில்லை. டீ கிளாஸில் கடைசி மடக்கு மிச்சமிருந்தது. அதைக் குடித்து முடித்தால் எழுந்திருக்க வேண்டும், எழுந்தால் கொடவுனுக்குள் போக வேண்டும், போனால் குனிய வேண்டும். ஆயுத பூஜைக்காகக் கடையைக் கழுவிவிட்ட நாளிலிருந்து முழங்கால் இரண்டும் அவரோடு சண்டை. ஒரு வாரமாகியும் வலி போன பாடில்லை. இந்த வயதில் இரும்போடு மல்லுக்கு நிற்பது என்ன பிழைப்பு என்று மனைவி சௌடேஸ்வரி தினமும் கேட்கிறாள். அவள் கேட்பதற்கு முன்பே காலையில் கண் விழித்ததும் அவரே தன்னைக் கேட்டுக்கொள்கிறார் என்பது அவளுக்குத் தெரியாது.

பந்தல்குடி ரோட்டில் அவருடையது பழைய எஞ்சின் சாமான் கடை. வீட்டில் கன்னடம் பேசி, தறி ஓட்டிய குடும்பத்தில் பிறந்தவர், எப்படியோ தடம் மாறி இரும்புக்குள் வந்து விழுந்தார். லாரியோ டிராக்டரோ, சுற்றுவட்டாரத்தில் எந்த வண்டி செத்தாலும் அதன் குடலில் கொஞ்சமாவது அவர் கொடவுனுக்கு வந்து சேரும். எங்கிருந்து வந்தது, யாருடையது என்று வாங்குகிறவன் கேட்கமாட்டான், விற்கிறவன் சொல்லமாட்டான். ரிஷிமூலமும் நதிமூலமும் கேட்கக் கூடாது என்பார்கள். இந்தத் தொழிலில் சாமான் மூலமும் கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் பாதிச் சாமான் விற்காது, ஏனென்றால் பாதிச் சாமான் விபத்தில் நொறுங்கிய வண்டியிலிருந்து வருவது.

கருத்தம்மாளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கலாம். நெற்றியில் திருநீறு மட்டும். காலில் கரிசல் மண் காய்ந்து, பாதி தூரம் பஸ்ஸிலேயே உதிர்ந்து, மீதி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. திருச்சுழிக்கும் அந்தப் பக்கம் ஊர். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தாள். டிராக்டர் அவளுடையது, ஓட்டுவதும் அவள்தான். பத்துப் பதினைந்து வீட்டுக் காடு அவள் உழவை நம்பிக் கிடக்கிறது, அவளுடைய பருத்திக் காடும் அதில் சேர்த்தி. வராத மழை முந்தாநாள் வந்து இறங்கியிருக்கிறது. வெட்டவெளிக் கரிசலில் அந்த ஈரம் விருந்தாளி மாதிரி, ரொம்ப நாள் தங்காது. அதற்குள் விதை உள்ளே போயாக வேண்டும். அந்த நேரம் பார்த்து வண்டி படுத்துவிட்டது. இன்னும் ஒரு நாள் பார்ப்பார்கள், அப்புறம் ரெட்டியபட்டியிலிருந்து வேறு டிராக்டரைக் கூப்பிடுவார்கள். ஒரு தடவை கை மாறின உழவு திரும்பி வராது. இதையெல்லாம் அவள் புலம்பலாகச் சொல்லவில்லை, பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

மதுரையில் ஏஜென்சிக்குப் போன் போட்டதற்கு, அந்த மாடலையே கம்பெனி நிறுத்தி வெகுகாலமாகிவிட்டது என்று சொல்லிவிட்டார்களாம். எஞ்சினைப் பிரித்து வேப்பமரத்தடியில் பரப்பி வைத்திருக்கிற மெக்கானிக் காளிராஜ்தான், அருப்புக்கோட்டை சௌடையா கடையில் பாருங்கள், அங்கே இல்லையென்றால் எங்கேயும் இல்லை என்று அனுப்பியிருந்தான்.

"ஈரம் நாளைக்குச் சாயங்காலம் வரைக்குந்தான் தாங்கும் அண்ணாச்சி. இருக்கு, இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்க" என்றாள்.

சௌடையா டீயை முடித்தார். உடைந்த துண்டுகளைக் கையில் எடுத்து பனியன் வேஸ்ட் துணியால் துடைத்தார். எஞ்சினுக்குள் காற்று நுழையவும் புகை வெளியேறவும் கதவுகள் உண்டு. அவற்றை நேரம் பார்த்துத் திறந்து மூடுவது இந்தத் தண்டின் வேலை. தண்டு நெடுக முட்டை வடிவத்தில் மேடுகள் இருக்கும். மேடு எவ்வளவு உயரமோ கதவு அவ்வளவு திறக்கும். ஒரு நூல் கூடினாலும் குறைந்தாலும் எஞ்சினின் குணமே மாறிப்போகும். பார்க்கிறவன் கண்ணுக்கு எல்லாத் தண்டும் ஒன்றுதான். அதனால் இரும்பை வார்க்கும்போதே நடுவில் புடைப்பாக ஒரு எண் விழும். கடைந்து முடித்த பிறகு பின்முனையின் தட்டையான முகப்பில் ஒரு எழுத்தைக் குத்திவிடுவார்கள். எண் எந்தக் குடும்பம் என்று சொல்லும், எழுத்துதான் ஆள் யார் என்று சொல்லும். அவர் எண்ணைப் படித்தார், எழுத்தைப் படித்தார். எழுத்துக்குப் பக்கத்தில், கம்பெனி போடாத இரண்டு கோடுகள், உளியால் வெட்டியது போல இருந்தன. இது என்ன என்று கேட்டார்.

"எங்க வீட்ல ரெண்டு வண்டி இருந்துச்சு அண்ணாச்சி. அண்ணனும் தம்பியும் ஒரே நாள்ல ஒரே எடத்துல வெலைக்குப் புடிச்சாக. காளிராஜ் ரெண்டு எஞ்சினையும் ஒண்ணாப் பிரிச்சப்ப, சாமான் மாறிரப்படாதுன்னு உளிய வச்சு வெட்டி வுட்டாரு. அவுக வண்டிக்கு ஒத்த வெட்டு, கொழுந்தன் வண்டிக்கு ரெட்ட வெட்டு. இது கொழுந்தன் வண்டி."

அப்படியானால் இன்னொரு வண்டியின் எஞ்சின் இருக்குமே, அதிலிருந்து கழற்றிப் போடலாமே என்று அவர் தொழில் புத்தியில் கேட்டுவிட்டார். அவள் ரோட்டைப் பார்த்தாள். சிமெண்ட் லோடு ஏற்றிய லாரி ஒன்று போய் முடிந்தது.

"அது கம்மாக்கரையில கவுந்து போச்சு. அவுகளும் அதோடயே போயிட்டாக."

மீதியை அவளாகவே நாலு வாக்கியத்தில் முடித்தாள். அந்த வண்டி வீட்டு வாசலுக்கு வரக் கூடாது என்று கரையிலிருந்தே யாரோ ஒரு புரோக்கரிடம் தள்ளிவிட்டார்கள். கொழுந்தன் பிழைப்பு தேடித் திருப்பூருக்குப் போனபோது தன் வண்டியை அண்ணன் பெண்டாட்டியிடம் விட்டுப் போனான். தரிசுக் காட்டில் விட்டு விட்டு ஓட்டிப் பழகினாள். ஊரே நின்று சிரித்தது. இப்போது அதே ஊர் விதைப்புக்கு அவள் வாசலில் வந்து நிற்கிறது, அவ்வளவுதான் என்றாள்.

சௌடையா அளவெடுக்கும் வெர்னியரை எடுத்துக்கொண்டு கொடவுனுக்குள் போனார். ஒரு பக்கச் சுவர் முழுக்க கேம்ஷாஃப்ட்டுகள் விறகுக் கட்டு மாதிரி அடுக்கிக் கிடந்தன. பின்முனைகள் எல்லாம் வெளியே பார்த்திருக்க, ஒவ்வொன்றிலும் சந்தனமும் குங்குமமும் காய்ந்து, வரிசையாகப் பெண்டுகள் உட்கார்ந்திருக்கிற கல்யாணப் பந்தி போல இருந்தது அந்தச் சுவர். சௌடேஸ்வரியின் கைவேலை. வருஷா வருஷம் ஆயுத பூஜையன்று விடிவதற்குள் வந்துவிடுவாள். எண்ணெய்ப் பிசுக்கில் பொட்டு நிற்காது என்று, துருப்பிடிக்காமலிருக்க அவர் தடவி வைத்த எண்ணெயை ஒவ்வொரு முகப்பிலும் அழுத்தித் துடைத்துவிட்டு, அதன்மேல் சந்தனத்தைக் குழைத்து அப்புவாள். இரும்புக்கு அதுதான் நெற்றி என்பது அவள் கணக்கு. கம்பெனிக்காரன் எழுத்தைக் குத்தியிருப்பதும் அதே நெற்றியில்தான். எண்ணெய் போன இரும்பில் சந்தனத்தின் ஈரம் வருஷா வருஷம் ஊறி, பொட்டு இருந்த இடத்தில் துரு வட்டமாக இறங்கி, எழுத்தைத் தின்றுவிட்டது. எண்களை வைத்துக் குடும்பத்தைச் சொல்லிவிடுவார். ஆள் யாரென்று சொல்ல ஒவ்வொரு மேட்டையும் அளந்து சாக வேண்டியிருந்தது. இதை அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று பல வருஷம் நினைத்தார். அவள் குனிந்து குனிந்து ஒவ்வொன்றின் நெற்றியையும் தொட்டுக் கும்பிடுவதைப் பார்த்ததும் வாய் வரவில்லை. பக்தி அவளுக்கு, முதுகுவலி அவருக்கு என்று பங்கு பிரிந்துவிட்டது.

எண்ணை வைத்துத் தேடியதில் ஒன்று அகப்பட்டது. அதே நீளம், அதே கனம், நடுவில் அதே எண். முகப்பில் எழுத்து இருந்த இடத்தில் துருவும் குங்குமமும் கலந்த ஒரு பள்ளம். உப்புத்தாள் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். வந்தது துருதான், எழுத்து வரவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு மேடுகளை அளந்தார். உடைந்த தண்டைவிட இதில் உயரம் கொஞ்சம் குறைவு. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாக, ஓடி ஓடித் தேய்ந்ததாக இருந்தால் குறையத்தான் செய்யும். ஆனால் தேய்மானம் ஒரு மேட்டில் அதிகமும் ஒரு மேட்டில் குறைவுமாக இருக்கும். இதில் எல்லா மேடும் ஒரே அளவில் குறைந்திருந்தது. தேய்ந்ததல்ல, பிறப்பே இதுதான். அதே கம்பெனி கிணற்றுப் பம்புசெட்டுக்குச் செய்த தண்டு. ஒரே வேகத்தில் நின்ற இடத்தில் ஓடுவதற்கானது. டிராக்டரில் மாட்டினால் வண்டி கிளம்பும், கொத்துக் கலப்பையை ஈரக் கரிசலில் இறக்கியதும் மூச்சு முட்டி நிற்கும்.

அப்போதுதான் அவருக்கு மூலையில் தனியாகச் சாய்த்து வைத்திருந்த தண்டு ஞாபகத்துக்கு வந்தது. புரோக்கர் ஒருவன் சாக்கோடு கொண்டுவந்து இறக்கிய சாமான். இறக்கும்போதே, ஆள் போன வண்டி அண்ணாச்சி, மத்த சாமானோட கலக்காதீங்க என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த வருஷம் பூஜைக்கு வந்த சௌடேஸ்வரி இது எந்த வண்டியுடையது என்று கேட்டாள், அவரும் சொல்லித் தொலைத்துவிட்டார். குங்குமத்தோடு நீட்டிய கையை அவள் பின்னால் இழுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அதைத் தாண்டித்தான் போவாள். அவளும் தொடவில்லை, அவரும் விற்கவில்லை. கேட்டு வந்தவனும் இல்லை.

தூசியைத் தட்டி எடுத்து அளந்தார். முதல் மேடு சேர்ந்தது. இரண்டாவதும் சேர்ந்தது. கடைசி மேடு வரைக்கும் உடன்பிறந்ததைப் போல உடைந்த தண்டோடு ஒத்துப்போனது. பலநாள் கழித்து மனசில் ஒரு சின்னச் சந்தோஷம் எழுந்தது, முழங்காலைக்கூட மறந்தார். எழுத்தைப் பார்க்க முகப்பை வெளிச்சத்துக்குத் திருப்பினார். பொட்டே படாத முகப்பு. அவர் தடவிய எண்ணெய் அப்படியே இருக்க, எழுத்து நேற்றுக் குத்தியது போலத் தெளிவாக இருந்தது. அதன் பக்கத்தில் உளியால் வெட்டிய ஒற்றைக் கோடு.

சௌடையா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கண்மாய்க்கரையில் அந்த மனிதரோடு கவிழ்ந்த வண்டியின் தண்டைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறார், அந்த மனிதருடைய பெண்டாட்டி வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். சொன்னால், தொடமாட்டேன் என்று எழுந்து போய்விடுவாள். வாசலுக்கே வரக் கூடாதென்று தள்ளிவிட்ட இரும்பை யார்தான் கொண்டுபோய்த் தன் வண்டி வயிற்றுக்குள் வைப்பார்கள்? அவள் போய்விட்டால் ஈரமும் போகும், அவள் உழவும் போகும். சொல்லாமல் கொடுத்தால், மாட்டப்போகிறவன் காளிராஜ். தான் போட்ட வெட்டு அவனுக்குத் தெரியாதா? பேசாமல் பம்புசெட்டுத் தண்டைக் கொடுத்து அனுப்பிவிடலாமா என்றும் ஒரு நொடி நினைத்தார். வண்டி கிளம்பிவிடும், திட்டு அப்புறம் வரும், தாங்கிக்கொள்ளலாம். அந்த நினைப்பு அவருக்கே அசிங்கமாக இருந்தது.

ஆணியில் அரம் தொங்கியது. எடுத்தார். நாலு இழுப்பு இழுத்தால் வெட்டு இருந்த இடம் தெரியாது. எழுத்து மிஞ்சும், அளவு மிஞ்சும், தண்டு வெறும் தண்டாகிவிடும். யாருக்கும் பாவமில்லை. தொழிலின் தர்மமும் அதுதான், சாமான் மூலம் சொல்லக் கூடாது. அரத்தை வெட்டின்மேல் வைத்தார். வைத்த கை அசையவில்லை. அந்தக் கோடு யாரோ ஒருவர் வீட்டில் இரண்டு எஞ்சின் இருந்த காலத்தில், அண்ணன் தம்பி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது விழுந்தது. அதை அழிக்கத் தனக்கு என்ன உரிமை என்று தோன்றியது. உரிமையைப் பார்த்தால் விதைப்பு என்னாவது என்றும் தோன்றியது.

வாசலில் நிழல் விழுந்தது. கருத்தம்மாள் உள்ளே வந்து நின்றாள். சௌடையா அரத்தை மடியில் நழுவவிட்டு, கட்டைவிரலால் முகப்பை மூடிக்கொண்டார். அகப்பட்டதா என்று கேட்டாள். அளவு சேருகிறது என்றார். அவள் மூச்சு விட்டது அவருக்குக் கேட்டது. இவ்வளவு நேரம் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பேசியிருக்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது. அவள் கண் சுவரில் அடுக்கியிருந்த தண்டுகளின்மேல் ஒவ்வொரு பொட்டாகப் போய், அவர் கையிலிருந்ததில் வந்து நின்றது.

"இம்புட்டுச் சாமானுக்கும் பொட்டு வச்சிருக்கீகளே, இதுக்கு மட்டும் ஏன் வைக்கல?"

விட்டுப்போயிற்று என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்தது. ஒரே சொல்தான். ஆனால் பொய் சொல்லவும் தெம்பு வேண்டும். அன்றைக்கு அவரிடம் அது இல்லை. கட்டைவிரலை எடுத்தார்.

அவள் கிட்டே வந்து பார்த்தாள். அவர் தண்டை நீட்டினார். வாங்கிக்கொண்டாள். வெட்டுக்குள் நகத்தை விட்டு மேலும் கீழுமாக ஒரு தடவை இழுத்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்து சௌடையா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை.

"எத்தன வருசமா இங்க கெடக்கு?"

புரோக்கர் கொண்டுவந்ததையும், இன்றைக்கு இந்த நிமிஷம் வரை இது யாருடையதென்று தெரியாததையும், எதற்காகப் பொட்டு வைக்கவில்லை என்பதையும் அவர் சொன்னார். அவள் தலையசைத்துக்கொண்டே கேட்டாள்.

"பருத்தி லோடு ஏத்திக்கிட்டு இந்த ரோட்டு வழியாத்தான் எத்தன தடவ போயிருக்கேன்" என்றாள். யாரிடமும் இல்லாமல் சொன்னாள்.

"மனசுக்கு ஒப்பலன்னா வேணாம் தாயி. வேற எங்கயாச்சும் விசாரிச்சுப் பாக்கேன்" என்றார். வேறு எங்கும் கிடைக்காது என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"ஈரம் போயிரும் அண்ணாச்சி."

கொடவுன் வாசற்படிக்கு மேலே அம்மன் படம் மாட்டியிருந்தது. அதன் அடியில் இருந்த பலகையில், பூஜைக்கு வாங்கியதில் மிஞ்சிய குங்குமம் பித்தளைக் கிண்ணத்தில் அப்படியே இருந்தது. கருத்தம்மாள் தண்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு அதனிடம் போனாள். கையைக் கிண்ணத்துக்கு நேராகத் தூக்கியவள், விரல் படுவதற்கு முன் நிறுத்திக்கொண்டாள். அவள் அதைத் தொட்டு எத்தனை காலமாயிற்று என்று அந்தக் கை நின்ற விதத்திலேயே தெரிந்தது. நான் வைக்கிறேன் தாயி என்று சௌடையா ஸ்டூலிலிருந்து எழுந்தார். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். மோதிர விரலைக் கிண்ணத்தில் அமுக்கினாள். தண்டின் முகப்பில், எழுத்துக்குப் பக்கத்தில், சரியாக அந்த வெட்டின்மேல் வைத்தாள். வெட்டுக்குள் குங்குமம் இறங்கி ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது. எண்ணெயைத் துடைக்காமல் வைத்தால் நிற்காது என்று சொல்ல வாயெடுத்தவர் சொல்லவில்லை.

காசு விஷயத்தில் இரண்டு பேருக்கும் பேச்சே வளரவில்லை. உடைந்த துண்டுகளை இங்கேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தண்டை ஈரத்துண்டில் சுற்றினாள். ரோட்டைக் கடக்கும்போது எதிரில் வந்த லாரிக்காக ஒதுங்கி நின்று, அது போனபின் தாண்டினாள். அந்தப் பக்கம் நிழல் இல்லை. மேற்கே இருந்து காற்று காய்ந்து வீசியது, ஈரத்தைக் குடிக்கிற காற்று. சௌடையா கடை வாசலில் நின்று பார்த்தார். முழங்கால் மறுபடி வலிக்க ஆரம்பித்திருந்தது.

குங்குமம் பட்ட விரலை அவள் இன்னும் துடைத்திருக்கவில்லை. சேலையில் துடைக்கவில்லை, துண்டில் துடைக்கவில்லை. பழக்கத்தில் ஒரு தடவை கை நெற்றிவரைக்கும் போயிற்று, போய்த் திரும்பிவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற ஷேர் ஆட்டோ வந்து நின்றது. சாமானைக் காலடியில் வைக்கும்படி டிரைவர் கை காட்டினான். அவள் மடியில்தான் வைத்துக்கொண்டாள். ஆட்டோ திரும்பிப் போகும்போது, கம்பியைப் பிடித்திருந்த அவள் கை மட்டும் வெளியே தெரிந்தது. மற்ற விரல்களெல்லாம் கம்பியை இறுக்கியிருக்க, அந்த ஒரு விரல் எதன்மேலும் படாமல் சிவப்பாகத் தூக்கிக்கொண்டு நின்றது.